வீவக வீட்டில் இருப்போர் சூரிய மின்சாரத்தின் பலனைப் பெறுவது எப்படி?

சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பம் ஒன்று தன் வீட்டுக்கெனச் சூரிய மின்தகடோ மின்கலமோ வாங்கிப் பொருத்துவதற்கு அரசாங்கம் நேரடி மானியம் தருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர் மாடியில் தகடு போட்டு மானியம் வாங்கிய கதையைக் கேட்டுவிட்டு, இங்கும் அப்படியொரு விண்ணப்பப் படிவம் எங்கோ இருக்கிறது, நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைப்பவர்கள் பலர். படிவம் இல்லை என்பதால் பலனும் இல்லை என்று ஆகிவிடாது. புளோக்கின் பொதுச்சேவைகளுக்கு ஆகும் மின்செலவு குறைவது ஒரு வழி. பயனீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு இன்னொரு வழி. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சாதனங்களை வாங்கக் கொடுக்கப்படும் பற்றுச்சீட்டு மூன்றாவது. இவற்றில் சில தாமாக வந்து சேரும், சிலவற்றை நாமே கேட்டு வாங்க வேண்டும். எது எந்த வகை என்று தெரியாதவர்களுக்குத்தான் பணம் கைநழுவிப் போகிறது.

கூரை யாருடையது?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாங்கியிருந்தாலும் சரி, வாடகைக்கு எடுத்திருந்தாலும் சரி, புளோக்கின் கூரையும் வெளிச்சுவரும் தனி ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. எனவே கூரையில் நமக்கென்று தகடு பொருத்திக்கொள்ள வழியில்லை. சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் இடத்தில் சிறிய தகடு ஒன்றைக் கட்டிவைக்கலாமே என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். பத்தாவது மாடியிலிருந்து அது கழன்று விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர் போகும், சட்டமும் சும்மா விடாது. ஐரோப்பிய நாடுகளில் பால்கனியில் தகடு மாட்டும் காணொளியைக் காட்டி அதே பொருளை விற்க வருபவரிடம், வீவகவும் நகர மன்றமும் எழுத்துமூலம் கொடுத்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

கூரையில் தகடு பொருத்தும் வேலையை வீவக 2008ஆம் ஆண்டில் சிராங்கூன் நார்த்திலும் செம்பவாங்கின் வெலிங்டன் சர்க்கிளிலும் சோதனை முறையில் தொடங்கியது. 2014இல் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் வீவகவும் சேர்ந்து சோலார்நோவா திட்டத்தைக் கொண்டுவந்தன. பல அரசாங்க அமைப்புகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி மொத்தமாக ஏலக்குத்தகை விடுவதுதான் அதன் அடிப்படை. குத்தகையை எடுக்கும் நிறுவனமே தகடுகளை வாங்கிப் பொருத்திப் பராமரிக்கிறது. அவற்றின் உரிமையும் அந்த நிறுவனத்திடமே இருக்கிறது. நகர மன்றம் தகடுகளுக்குப் பணம் கொடுப்பதில்லை. அவற்றிலிருந்து வரும் மின்சாரத்தைச் சில்லறை மின்கட்டணத்தைத் தாண்டாத சலுகை விலையில் வாங்கிக்கொள்கிறது. பகலில் அந்த மின்சாரம் மின்தூக்கிகளுக்கும் தண்ணீர் ஏற்றும் பம்புகளுக்கும் பொது விளக்குகளுக்கும் போகிறது, மிஞ்சுவது மின்கட்டமைப்புக்குச் செல்கிறது. இரவில் தாழ்வாரத்தில் எரியும் விளக்குகளுக்கான மின்சாரம் வழக்கம்போல் கட்டமைப்பிலிருந்தே வருகிறது. வீவக கூரைகளில் 2030ஆம் ஆண்டுக்குள் 540 மெகாவாட் உச்சத்திறன் என்பது இலக்கு.

நம் வீட்டுக்குள் இருக்கும் மின்மானியில் இதனால் எந்த மாற்றமும் தெரியாது. பலன் கிடைப்பது நகர மன்றத்தின் கணக்கில், அதாவது நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் போய்ச் சேரும் இடத்தில். அந்தக் கட்டணம் இதனால் குறைந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பல நகர மன்றங்கள் 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் அதை உயர்த்தவே செய்தன. ஏற்றத்தைச் சற்றுத் தடுத்துப் பிடிப்பதுதான் தகடுகளால் முடிந்த காரியம் என்பது என் கணிப்பு. ஆனாலும் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எங்கள் புளோக்கில் தகடு இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வரும், சென்ற ஆண்டு பொதுச்சேவைக்கான மின்செலவில் எவ்வளவு மிச்சமானது என்று நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். நாடாளுமன்ற உறுப்பினர் குடியிருப்பாளர்களைச் சந்திக்கும் இரவிலும் நேரில் கேட்கலாம். நகர மன்றங்களின் ஆண்டறிக்கையும் கணக்கும் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை.

தானாக வரும் கழிவு

வருமானம் குறைந்த வீட்டுக்கு மின்கட்டண விஷயத்தில் மிகப் பெரிய துணை யு-சேவ் கழிவுதான். பொருள், சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியான இது ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என ஆண்டுக்கு 4 தவணைகளில் மின்கட்டணம் வசூலிக்கும் எஸ்பி குழுமத்தில் இருக்கும் வீட்டுக் கணக்கில் நேரடியாகச் சேர்க்கப்படுகிறது. வழக்கமான தொகை ஓரறை, ஈரறை வீட்டுக்கு ஆண்டுக்கு 380 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 340, நான்கறைக்கு 300, ஐந்தறைக்கு 260, எக்ஸிகியூட்டிவ் வீட்டுக்கு 220. சிறிய வீட்டுக்குக் கூடுதல் தொகை என்பதைக் கவனியுங்கள். வாழ்க்கைச் செலவு ஏறிய அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் இதற்கு மேலும் கொடுத்திருக்கிறது. 2025 நிதியாண்டில் தொகை இரு மடங்கானதால் ஓரறை, ஈரறை வீடுகளுக்கு 760 வெள்ளி வரை கிடைத்தது. கூடுதல் தொகை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் முடிவாவதால், குடும்பச் செலவைக் கணக்கிடும்போது வழக்கமான தொகையை மட்டும் நம்புவது புத்திசாலித்தனம்.

தகுதிக்கு இரண்டு நிபந்தனைகள். வீட்டில் குறைந்தது ஒரு சிங்கப்பூர்க் குடிமகனாவது இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட சொத்து இருக்கக் கூடாது. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து வசிப்பவர்களில் ஒருவர் குடிமகன் என்றால் அவர்களுக்கும் கிடைக்கும். வேலை அனுமதியில் வந்து ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது.

கழிவு உண்மையில் வந்ததா என்று பார்க்க, அந்த 4 மாதங்களில் வரும் கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், குப்பை அகற்றல் என்ற வரிசையோடு யு-சேவ் என்று கழிக்கப்பட்ட தொகை தனியாக இருக்கும். ஒரு மாதக் கட்டணத்தைவிடக் கழிவு அதிகமாக இருந்தால் மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். ரொக்கமாக எடுக்க முடியாது. ஓர் ஈரறை வீட்டில் மாதம் 200 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025இல் எஸ்பி கட்டணம் ஜிஎஸ்டிக்கு முன் யூனிட்டுக்கு 27, 28 காசு அளவில் இருந்தது. எனவே மின்சாரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 56 வெள்ளி, வரியோடு 61 வெள்ளி. வழக்கமான யு-சேவ் தொகையை மாதத்துக்குப் பிரித்தால் 32 வெள்ளி அளவுக்கு வரும். பாதிச் சுமை இறங்குகிறது. சொந்தக் கூரையில் தகடு வைத்திருப்பவர் பல ஆயிரம் வெள்ளி முதல் போட்டுப் பெறுவதை, முதல் ஏதும் போடாமல் பெறுகிறோம்.

ஓர் எச்சரிக்கை. எஸ்பியை விட்டு வேறு சில்லறை மின்விற்பனையாளரிடம் மாறுபவர்கள், கட்டணச் சீட்டு எஸ்பி வழியாகவே வருமா, தனியாக வருமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யு-சேவ் போய்ச் சேர்வது எஸ்பி கணக்குக்குத்தான். தனிச் சீட்டு வருமானால் அந்தக் கழிவை மின்சாரத்துக்கும் பயன்படுத்த முடியுமா என்பதற்கு விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். விலை மலிவு என்று மாறியபின் அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

சேவை, பராமரிப்புக் கட்டணத்துக்கும் இதே திட்டத்தின்கீழ் வீட்டின் அளவைப் பொறுத்துத் தனிக் கழிவு உண்டு. அதுவும் நகர மன்றக் கணக்கில் தானாகக் கழிக்கப்படும்.

கேட்டு வாங்க வேண்டிய பற்றுச்சீட்டு

பருவநிலைப் பற்றுச்சீட்டு தானாக வராது. பலர் கோட்டைவிடுவது இதைத்தான். தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் 2020இல் தொடங்கிய இந்தத் திட்டம் முதலில் ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக வீடுகளுக்கு மட்டும் இருந்தது. 2024 ஏப்ரல் 15 முதல் எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி என்று விரிந்தது. 2025 ஏப்ரல் 15 முதல் வீவக வீடுகளுக்கு மேலும் 100 வெள்ளி சேர்க்கப்பட்டது. தனியார் வீடுகளில் வசிக்கும் குடிமக்களின் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி கொடுக்கப்பட்டது. பற்றுச்சீட்டு 2027 டிசம்பர் 31 வரை செல்லும். முதல் 300 வெள்ளியை வாங்கியவர்களில் சிலர் பிறகு வந்த 100 வெள்ளியைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை அறியாமல் விட்டிருப்பார்கள், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குடும்பத்தில் யாராவது ஒருவர் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக உள்நுழைந்து பற்றுச்சீட்டைப் பெறலாம். கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வரும். திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடைக்கு நேரில் போய் அந்த இணைப்பில் உள்ள சதுரக் குறியீட்டைக் காட்டினால் தொகை கழியும். திறன்பேசி பழக்கமில்லாத முதியவர்கள் அருகிலுள்ள சமூக மன்றத்தில் உதவி கேட்கலாம். வீட்டில் வேறு யாரேனும் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பற்றுச்சீட்டு வீட்டுக்குத்தான், ஆளுக்கு ஒன்று அல்ல.

எதை வாங்குவது என்பதில்தான் யோசனை தேவை. எல்இடி விளக்கு, நேர்மின் மோட்டார் வைத்த மின்விசிறி, மின்சிக்கன அளவைக் காட்டும் வில்லையில் குறைந்தது 3 குறியீடுகள் பெற்ற குளிர்பதனப் பெட்டி, 5 குறியீடு பெற்ற குளிர்சாதனம், தண்ணீரை மிச்சப்படுத்தும் குழாய், கழிவறைத் தொட்டி போன்றவை பட்டியலில் உள்ளன. சின்ன வீட்டில் நாள் முழுதும் ஓடுவது குளிர்பதனப் பெட்டிதான். அது பழையதாக இருந்தால் பணத்தை அதில் போடுங்கள் என்பேன். கடையில் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் மின்சிக்கன வில்லை ஒட்டப்பட்டிருக்கும். குறியீடுகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், கீழே அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டு மின்பயன்பாட்டு எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 350 என்றும் இன்னொன்றில் 500 என்றும் இருந்தால், யூனிட்டுக்கு 28 காசு வீதம் ஆண்டுக்கு 42 வெள்ளி வித்தியாசம். பெரிய பெட்டியில் 3 குறியீடுகள் இருந்தாலும் சின்னப் பெட்டியைவிட அது கூடுதலாகவே மின்சாரம் எடுக்கும். 3 பேர் உள்ள வீட்டுக்கு 6 பேருக்கான பெட்டி எதற்கு? சமையலறை இடத்தையும் வாசல் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

பழைய பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தோசை மாவுக்கும் குளிர்பானத்துக்கும் என்று இரண்டாவதாக ஓடவிட்டால், மிச்சம் என்ற பேச்சே இருக்காது. பெரிய மின்சாதனக் கடைகள் புதியதைக் கொண்டுவந்து இறக்கும்போது அதே வகைப் பழைய சாதனத்தைக் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் சட்டம். எடுத்துச்செல்லப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மின்விசிறியின் கணக்கு சிறியது. பழைய வகை 65 வாட் என்றால் நேர்மின் வகை 30 வாட் அளவில் இருக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட்டுக்குச் சற்று மேல், மூன்றரை வெள்ளி மிச்சம். பற்றுச்சீட்டில் பணம் மீந்திருந்தால் வாங்கலாம். கையிலிருந்து பெருந்தொகை போட்டு வாங்க வேண்டாம்.

நிலுவை சேர்ந்துவிட்டால்

கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோனவர்கள் துண்டிப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. எஸ்பியிடம் தவணை முறை கேளுங்கள். அதோடு சமூக சேவை அலுவலகத்துக்குப் போய் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான காம்கேர் உதவிக்கு விண்ணப்பியுங்கள். வாடகை, பயனீட்டுக் கட்டணம், சேவை, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்கும் அந்த உதவி பயன்படும். தொலைபேசி எண் 1800-222-0000. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், நிலுவை காட்டும் கட்டணச் சீட்டு ஆகியவற்றை முதல் நாளே எடுத்துச் சென்றால் இரண்டாவது நடை மிச்சம். தமிழில் பேசி உதவி பெற விரும்புபவர்கள் பீட்டி சாலையில் உள்ள, இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பை அணுகலாம்.

அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, யு-சேவ் பணத்தைக் கணக்கில் போட வங்கி விவரம் கொடுங்கள் என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் அது மோசடி. யு-சேவுக்கு வங்கிக் கணக்கே தேவையில்லை என்பதை இப்போது அறிவீர்கள். ஐயமிருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

தரைவீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்றோர்

பழைய வரிசை வீட்டில் பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள், சொத்து உண்டு, கைச்செலவுக்குப் பணம் குறைவு. இப்படிப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வீவக வீட்டுக்குரிய யு-சேவ் இவர்களுக்கு இல்லை, ஆனால் கூரை இவர்களுடையது. 8 கிலோவாட் உச்சத்திறன் கொண்ட தகடுகளுக்கு 40 சதுர மீட்டர் அளவில் கூரை வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,200 யூனிட் அளவுக்கு எதிர்பார்க்கலாம். ஆக 9,600 யூனிட். பகலில் வீட்டிலேயே பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாம் கட்டியிருக்க வேண்டிய முழுக் கட்டணம் மிச்சம். மிஞ்சிக் கட்டமைப்புக்குப் போவதற்கு, கட்டணத்திலிருந்து கட்டமைப்புச் செலவைக் கழித்த விலையில் எஸ்பி வரவு வைக்கும். கட்டமைப்புச் செலவை 7 காசு என்று வைத்துக்கொண்டால், 28 காசுக்குப் பதிலாக 21 காசு கிடைக்கும். பாதிக்குச் சற்றுக் குறைவாக, 3,840 யூனிட்டை வீட்டில் பயன்படுத்தி மீதியைக் கொடுத்தால் ஆண்டுக்கு 2,285 வெள்ளி அளவில் வரும்.

இதற்கான தொழில்நுட்ப விண்ணப்பத்தை உரிமம் பெற்ற மின்பணியாளர் எஸ்பி குழுமத்திடம் செய்ய வேண்டும். போவதையும் வருவதையும் தனித்தனியே அளக்கும் மின்மானி அதன்பின் பொருத்தப்படும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் அனுமதியையும் கேளுங்கள்.

முதல் போட முடியாதவர்களுக்கு, நிறுவனமே தகடு போட்டு மின்சாரத்தை மட்டும் நமக்கு விற்கும் குத்தகை முறை உண்டு. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் பிள்ளைகளில் ஒருவர் முழுதாகப் படிக்கட்டும். எஸ்பி கட்டணம் இறங்கினால் அந்த விலையும் இறங்குமா? கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? கூரையைப் பழுதுபார்க்கத் தகடுகளைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது? வீட்டை விற்றாலோ உரிமையாளர் இறந்துவிட்டாலோ ஒப்பந்தம் யார் தலையில் விழும்? இந்த ஒப்பந்தங்கள் நெடுங்காலம் ஓடுபவை. கையொப்பமிடுபவருக்கு 75 வயது என்றால் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

மின்கலம் வேண்டுமா?

வேண்டாம் என்பதே பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில். மின்கலத்தின் வேலை பகல் மின்சாரத்தை இரவுக்கு மாற்றுவது. மிஞ்சும் மின்சாரத்தை 21 காசுக்குக் கொடுத்துவிட்டு இரவில் 28 காசுக்குத் திரும்ப வாங்குகிறோம் என்றால், மின்கலம் மிச்சப்படுத்துவது இடையிலுள்ள 7 காசு மட்டுமே. நாளுக்கு 8 யூனிட் மாற்றினால் 56 காசு, ஆண்டுக்கு 204 வெள்ளி. பல ஆயிரம் வெள்ளி மின்கலத்தின் விலை அதன் ஆயுள் முடிவதற்குள் இந்தக் கணக்கில் திரும்புவது கடினம். மின்தடைக்குப் பயன்படும் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் நிற்காத ஊரில் அது விலை மதிப்புள்ள வாதம் அல்ல. அந்தச் சேமிப்பு வேலை பெரிய அளவில் வேறிடத்தில் நடக்கிறது: ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள மின்சேமிப்பு நிலையம் 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. வீவக வீட்டுக்குள் பெரிய லித்தியம் மின்கலம் வைப்பதோ, தீ ஆபத்தை நினைத்தாவது தவிர்க்க வேண்டியது.

78,000 ரூபாய்ச் செய்தி

குடும்பக் குழுக்களில் சுற்றும் 78,000 ரூபாய் மானியச் செய்தி பொய்யல்ல. அது இந்தியாவின் பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய அதில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட் முதல் 78,000 என மானியம். சிங்கப்பூர் முகவரிக்கு அது பொருந்தாது. ஊரில் பெற்றோர் இந்தியக் குடியுரிமையோடு சொந்த வீட்டில் வசித்து, மின் இணைப்பும் அவர்கள் பெயரில் இருந்தால் அவர்களே விண்ணப்பிக்கலாம். தேசிய இணையவாசலில் பதிவு செய்து, தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்தின் ஒப்புதல் பெற்று, அதே இணையவாசலில் பதிவான நிறுவனத்தை வைத்துப் பொருத்த வேண்டும். தகடுகள் இந்தியாவில் தயாரானவையாக இருப்பது கட்டாயம். மானியம் தகட்டுக்கே, மின்கலத்துக்கு அல்ல. வேலை முடிந்து பரிசோதித்தபின்தான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முழுத் தொகைக்கும் முதலில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இங்கிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் மானியத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்பினால் பொருத்துபவர் பாதியில் வேலையை நிறுத்திவிடுவார்.